கழற்றி மாட்டிய சிரிப்பு

எங்கள் வீட்டில் வீடியோ டெக் என்பது வாடகைக்கு வரும் விருந்தாளி. பொங்கலுக்கு ஒரு முறை, தீபாவளிக்கு ஒரு முறை, நடுவில் சித்தப்பா குடும்பத்தோடு வந்தால் ஒரு முறை. டெக்கோடு நான்கு கேசட் தருவார்கள். மூன்று எங்கள் விருப்பத்துக்கு, ஒன்று அப்பாவுக்கு. அப்பாவின் கேசட்டில் எப்போதும் பாடி நடித்த எம்.கே. தியாகராஜ பாகவதர்தான் இருப்பார். அது ஓடத் தொடங்கும்போது நள்ளிரவு தாண்டியிருக்கும். நாங்கள் பாயில் சரிந்திருப்போம்.

அப்படி ஓர் இரவில் ‘அசோக் குமார்’ ஓடியது. ஏதோ சத்தத்தில் விழித்துப் பார்த்தால் அப்பா டிவிக்கு முன்னால் எழுந்து நின்றுகொண்டிருந்தார். “கிருஷ்ணனைக் காணோம் மக்களே” என்றார். தூக்கக் கலக்கத்தில் எனக்கு எதிர்வீட்டுக் கிருஷ்ணன் மாமாதான் நினைவுக்கு வந்தார். அப்பா தேடியது நகைச்சுவை நடிகர் என்.எஸ். கிருஷ்ணனை. யாரோ ஒரு புண்ணியவான், படத்தை ஒரே கேசட்டுக்குள் அடக்கிவிட வேண்டும் என்று, என்.எஸ்.கே.யும் அவருடைய ஜோடி மதுரமும் வரும் காட்சிகளையெல்லாம் வெட்டி எறிந்திருந்தார். மறுநாள் காலையில் அப்பா கடைக்காரரோடு சண்டைக்குப் போனார். கேசட் பையைச் சுமந்துகொண்டு நானும் பின்னால் போனேன். கடைக்காரர் பதறவே இல்லை. “கதையில் ஒன்றும் குறையவில்லையே அண்ணாச்சி?” என்று கேட்டார்.

அப்பாவிடம் பதில் இல்லை. உண்மையிலேயே கதையில் ஒன்றும் குறைந்திருக்கவில்லை. அசோகச் சக்கரவர்த்தியின் மகன் குணாளன் பழி சுமந்தான், கண் இழந்தான், உருகிப் பாடினான்; எல்லாம் ஒழுங்காக நடந்து முடிந்தது. அப்பா வழி முழுக்க ஒன்றும் பேசாமல் வந்தார்.

பதினைந்து இருபது ஆண்டுகள் கழித்து ஒரு பஸ் நிலையத்தில், பழைய பாட்டு சிடிக்களுக்கு நடுவில், ‘கலைவாணர் நகைச்சுவைக் காட்சிகள்’ என்ற வட்டு ஒன்று கிடைத்தது. கலைவாணர் என்பது என்.எஸ்.கே.யின் பட்டப்பெயர். போட்டுப் பார்த்தால் காட்சிகள் மட்டும் வரிசையாக வருகின்றன. எந்தப் படம், எந்த ஆண்டு, ஒரு எழுத்துகூட இல்லை. அன்று வெட்டப்பட்ட துண்டுகள் எல்லாம் எங்கோ சேர்ந்து தனிக்குடித்தனம் நடத்துவதுபோல் இருந்தது. ஒரு கடையில் சிரிப்பில்லாத படம், இன்னொரு கடையில் படமில்லாத சிரிப்பு. இரண்டுமே தனித்தனியாக ஓடின. அந்தக் கடைக்காரரின் கேள்வி அன்றைக்குத்தான் எனக்குள் முழுசாக இறங்கியது.

என்.எஸ்.கே.யைப் பற்றி யாரிடம் பேச்சைத் தொடங்கினாலும் மூன்று கதைகளில் ஒன்றுதான் வரும். அள்ளிக் கொடுத்த வள்ளல், கொலை வழக்கில் சிறை போனவர், பகுத்தறிவைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னவர். மூன்றும் உண்மை. வள்ளல் கதைகளில் மட்டும் எனக்குக் கொஞ்சம் அலுப்பு உண்டு. சொல்லச் சொல்லத் தொகை கூடிக்கொண்டே போகும். விட்டுப்போவது என்னவென்றால், அந்த மனிதர் செய்த வேலை. சிரிப்பை எழுதுவதற்கும் படமாக்குவதற்கும் விற்பதற்கும் ஒரு முறையை ஏற்படுத்தியவர் அவர். தமிழ் சினிமா அந்த முறையிலேயே அரை நூற்றாண்டு ஓடியது. அந்த முறையை உடைக்கப் பார்த்தவரும் அவரேதான். எனக்குச் சுவாரசியம் இந்த இடத்தில்தான்.

நாகர்கோவிலை ஒட்டிய ஒழுகினசேரியில் 1908 நவம்பர் 29 அன்று பிறந்தவர். அப்போது அது திருவிதாங்கூர் மன்னராட்சிப் பகுதி. வீட்டில் வறுமை, பள்ளிப் படிப்பு அதிகம் இல்லை. நாடகக் கொட்டகையில் சோடா விற்கும் பையனாகத்தான் முதலில் நாடகத்தைப் பார்த்திருக்கிறார். சோடா விற்கிற பையன் எல்லோரையும்விடச் சபையை நன்றாக அறிவான் என்பது என் எண்ணம். மேடையில் சுவை குறைந்தால்தானே அவனுக்கு வியாபாரம்?

அடுத்தது வில்லுப்பாட்டு. இதைப் பலரும் ஒரு வரியில் கடந்துபோய்விடுகிறார்கள். எனக்கு இங்கேயே கொஞ்சம் நிற்க வேண்டும். எங்கள் பக்கத்துக் கோவில் கொடைகளில் வில்லுப்பாட்டு கேட்டவர்களுக்குத் தெரியும். நடுவில் புலவர் வீசுகோலால் வில்லைத் தட்டிக் கதை சொல்வார். பக்கத்தில் குடத்தோடு ஒருவர், உடுக்கோடு ஒருவர், ஜால்ராவோடு ஒருவர். இவர்களில் ஒருவருடைய வேலை “ஆமாம்” போடுவது. பார்க்கச் சின்ன வேலை. ஆனால் அந்த ஆமாம் எங்கே விழுகிறது, எப்படி விழுகிறது என்பதில்தான் கதையின் ஓட்டமே இருக்கிறது. ஒப்புக்கொள்ளும் ஆமாம் உண்டு, சந்தேகப்படும் ஆமாம் உண்டு, “போதும், அடுத்ததற்கு வாரும்” என்று சொல்லும் ஆமாமும் உண்டு. சில இடங்களில் பக்கத்துக்காரர் மறித்து ஒரு கேள்வி கேட்பார். கேட்பது சபையில் உட்கார்ந்திருக்கிறவனின் கேள்வியாக இருக்கும்.

என்.எஸ்.கே.யின் எந்தக் காட்சியை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள். இந்த அமைப்புதான் அடியில் ஓடும். அவர் ஒன்றைச் சொல்வார், எதிரில் இருப்பவர் மறிப்பார், மறித்ததற்கு அவர் பதில் சொல்வார், அந்தப் பதிலிலேயே மாட்டிக்கொள்வார். விழுந்து புரளுவதும் அடி வாங்குவதும் அவருக்கு முக்கியமே இல்லை. வாதத்திலிருந்துதான் சிரிப்பு வரும். தட்டிக் கேட்க ஓர் ஆள் இல்லாவிட்டால் அவரால் பாதி தூரம்கூடப் போக முடியாது. அந்த ஆள் அவருக்குக் கிடைத்தது புனாவில். ‘வசந்தசேனா’ படத்துக்காக அங்கே போன இடத்தில் டி.ஏ. மதுரத்தைச் சந்தித்தார். பிறகு இருவரும் மணந்துகொண்டார்கள். ஆமாம் போடும் வேலையை மதுரம் எடுத்துக்கொண்டார் என்று சொன்னால் அது அந்த அம்மாளுக்குக் குறைவு. பெரும்பாலான காட்சிகளில் அவர் இல்லை என்றுதான் சொல்வார். அவர் சொல்வதுதான் சரியாகவும் இருக்கும். இருவரும் சொந்தக் குரலிலேயே பாடினார்கள். ஒருவர் மூச்சு வாங்கும் இடத்தில் இன்னொருவர் வந்து நிற்பது ஒத்திகையால் மட்டும் வருகிற காரியமாக எனக்குத் தோன்றவில்லை.

சினிமாவுக்கு வந்தது டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழு வழியாக. அவர்களுடைய ‘மேனகா’ 1935-இல் படமானபோது இவரும் அதில் இருந்தார். அடுத்த ஆண்டு ‘சதி லீலாவதி’. எம்.ஜி.ஆரின் முதல் படம் என்று இன்று எல்லோரும் நினைவில் வைத்திருக்கும் படம் அதுதான். இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர். தமிழே தெரியாதவர். தமிழ் தெரியாத இயக்குநர் எதிரே நிற்க, பேச்சிலேயே சிரிப்பை வைத்திருக்கும் நடிகர் என்ன செய்வார்? தன் காட்சியைத் தானே எழுதிக்கொண்டு, தானே நடத்திக்கொண்டு போய்விடுவார். அந்தக் காலத்துப் படப்பிடிப்புகளில் நகைச்சுவை தனி நாடாகப் பிரிந்ததற்கு இப்படியான நடைமுறைக் காரணங்களும் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

விரைவிலேயே அது ஒரு தொழிலாகவும் ஆனது. என்.எஸ்.கே.க்கு என்று ஒரு குழு இருந்தது. டி.எஸ். துரைராஜ், காக்கா ராதாகிருஷ்ணன், புளிமூட்டை ராமசாமி என்று அதில் பலர் வந்து போனார்கள். அந்தப் பெயர்களைக் கேட்டாலே எங்கள் ஆச்சி சிரிக்கத் தொடங்கிவிடுவார். அசோகா பிலிம்ஸ் என்று சொந்த நிறுவனம் இருந்தது. படத்தின் நாயகன் ஒரு பக்கம் காதலித்துக்கொண்டும் கடவுளைத் தேடிக்கொண்டும் இருக்க, இவர் தன் ஆட்களோடு, தன் கதையோடு, தன் பாட்டோடு நகைச்சுவைப் பகுதியைத் தனியாக முடித்துக் கொடுப்பார். அது படத்தில் நான்கைந்து இடங்களில் மாட்டப்படும். வண்டிக்கு அச்சாணி மாட்டுவதுபோல் இல்லை. கல்யாண வீட்டு வாசலில் வாழைமரம் கட்டுவதுபோல். கட்டாவிட்டாலும் கல்யாணம் நடக்கும். ஆனால் வாழைமரம் இல்லாத வாசலைப் பார்த்தால் துக்க வீடோ என்று சந்தேகம் வரும்.

விநியோகஸ்தர்கள் அவர் படத்தில் இருக்கிறாரா என்று கேட்டுத்தான் படம் வாங்கினார்கள் என்று அப்பா சொல்வார். அப்பா விநியோகஸ்தர் அல்ல, நீதிமன்ற எழுத்தர். எனவே இதை எவ்வளவு நம்புவது என்பது உங்கள் விருப்பம். ஆனால் 1937 முதல் 1944 வரை பாகவதரின் பெரிய படங்களை வரிசையாக எண்ணிப் பார்த்தால் பெரும்பாலானவற்றில் என்.எஸ்.கே.யும் கூடவே வருகிறார். ‘அம்பிகாபதி’, ‘திருநீலகண்டர்’, ‘அசோக் குமார்’, ‘சிவகவி’, ‘ஹரிதாஸ்’. பெரும்பாலும் புராணம், இல்லையென்றால் பழங்கதை. தெருவில் நடக்கும் விஷயங்களுக்கு அந்தக் கதைகளில் இடம் கிடையாது. மன்னர் காலத்துக் கதைக்குள் இன்றைய மனிதன் நுழைவதற்கு ஒரே ஒரு சந்து இருந்தது. அந்தச் சந்தில் என்.எஸ்.கே. கடை போட்டிருந்தார்.

எல்லாமே ஒட்டு வேலைதானா என்றால், இல்லை. எம்.எஸ். சுப்புலட்சுமி நடித்த ‘சகுந்தலை’ (1940) எனக்கு அதனால்தான் பிடிக்கும். மீன் வயிற்றில் கிடைக்கும் மோதிரம் இல்லாமல் சகுந்தலை கதையே இல்லை. காளிதாசனே அந்தச் செம்படவனைச் சிரிப்புக்கு உரியவனாகத்தான் எழுதியிருக்கிறான். என்.எஸ்.கே.யும் துரைராஜும் அந்த மீனவர்களாக வந்து ஒருவரையொருவர் திட்டிக்கொள்ளும் காட்சி, அந்தக் காலத்து ரசிகர்கள் திரும்பத் திரும்பப் பேசிய காட்சி. அதை வெட்டினால் துஷ்யந்தனுக்கு மோதிரம் கிடைக்காது. கடைக்காரரிடம் அப்பா சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான். ஆனால் கேசட் வேறு.

நடுவில் போர் வந்தது. கச்சா பிலிமுக்குத் தட்டுப்பாடு. ஒரு படம் 11,000 அடிக்கு மேல் போகக்கூடாது என்று பிரிட்டிஷ் அரசு கட்டுப்பாடு போட்டது. கணக்குப் போட்டால் இரண்டு மணி நேரம். அதற்கு முன்பு மூன்று மணி நேரத்தைத் தாண்டி ஓடிய படங்கள் சாதாரணம். பாட்டைக் குறைப்பதா, சிரிப்பைக் குறைப்பதா? ‘ஹரிதாஸ்’ அந்தக் கட்டுப்பாட்டுக் காலத்துப் படம்தான். இருந்தும் பாகவதரின் பாட்டும் இருந்தது, என்.எஸ்.கே.–மதுரம் ஜோடியும் இருந்தது. 1944 தீபாவளிக்கு வந்த படம் சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைப் பார்த்தது. அந்த மூன்றில் பின்னிரண்டு தீபாவளிகளிலும் படத்தின் நாயகனும் நகைச்சுவை நடிகரும் சிறையில் இருந்தார்கள்.

லட்சுமிகாந்தன் வழக்கைப் பற்றி எழுத்துக்கும் பேச்சுக்கும் குறைவில்லை, நான் நீட்டப்போவதில்லை. மஞ்சள் பத்திரிகை நடத்திய லட்சுமிகாந்தன் 1944 நவம்பரில் வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். ஆண்டின் இறுதியில் பாகவதரும் என்.எஸ்.கே.யும் கைதானார்கள். 1945-இல் ஆயுள் தண்டனை. லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், வழக்கு மறுபடி விசாரிக்கப்பட்டு, 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலை ஆனார்கள். கைதானபோது என்.எஸ்.கே.க்கு வயது 36.

என்னை இழுப்பது அந்த இரண்டு ஆண்டுக்கும் மேற்பட்ட காலத்தில் வெளியே நடந்தது. மதுரம் நாடகக் குழுவை விடவில்லை. எஸ்.வி. சகஸ்ரநாமம் முன்னின்று நடத்தினார். வழக்குச் செலவுக்கும் குழுவின் பிழைப்புக்கும் பணம் வேண்டும். ‘பைத்தியக்காரன்’ நாடகத்தைப் படமாக்கத் தொடங்கினார்கள், இயக்கியவர்கள் கிருஷ்ணன்–பஞ்சு. முதலாளி சிறையில், அவருடைய கம்பெனியின் படம் வெளியில் வளர்கிறது. அதற்குள் அவர் விடுதலையாகி வந்துவிட்டார். என்ன செய்வது? அவருக்காக ஒரு பாத்திரத்தை எழுதிச் சேர்த்தார்கள். கூடவே மதுரத்துக்கும் இரண்டாவது வேடம். மற்றவர்கள் படங்களில் தன் காட்சிகளைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்த மனிதரை, அவருடைய சொந்தப் படத்திலேயே கடைசி நேரத்தில் கொண்டுவந்து மாட்ட வேண்டியிருந்தது. ஒரு நகைச்சுவை எழுத்தாளருக்கு விதி இதைவிடப் பொருத்தமாக ஒன்றை எழுத முடியாது.

விடுதலைக்குப் பிறகு பாகவதர் எழவில்லை. ‘ராஜமுக்தி’, ‘அமரகவி’, ‘சியாமளா’ என்று வந்த படங்கள் கைகொடுக்கவில்லை, 1959-இல் மறைந்தார். என்.எஸ்.கே. மட்டும் எழுந்தார். ஏன் என்று நானும் அப்பாவும் பலமுறை வாதாடியிருக்கிறோம். பாட்டுக் கலைஞனின் காலம் போய்விட்டது, வசனத்தின் காலம் வந்துவிட்டது என்பது அப்பாவின் கட்சி. அது சரிதான். என் கட்சி வேறு. பாகவதர் விட்ட இடத்திலிருந்தே தொடர நினைத்தார். என்.எஸ்.கே. விட்ட இடத்துக்குத் திரும்பவே இல்லை. நான்கைந்து இடங்களில் வந்து போகும் ஆளாக இருந்தது போதும் என்று முடிவு செய்தவரைப்போல, முழுப் படத்தையும் கையில் எடுத்துக்கொண்டார்.

அதற்கு முன்பும் அவர் நாயகன் வேடம் போட்டதுண்டு. 1941-இல் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ அவரை வைத்தே வந்தது. ஆனால் 1949-இல் வந்த ‘நல்லதம்பி’ வேறு வகை. கதை வசனம் சி.என். அண்ணாதுரை. திரைக்கு அவர் எழுதிய முதல் படம். ஃபிராங்க் காப்ராவின் 1936 ஆங்கிலப் படம் ஒன்றின் சாயல் அதில் உண்டு. எதிர்பாராமல் ஒரு ஜமீன் சொத்துக்கு வாரிசாகும் எளிய மனிதன், அதை ஊருக்குச் செலவழிக்கிறான். மதுவிலக்கும் படத்தின் பேச்சு. சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது 1948 அக்டோபரில்; அடுத்த சில மாதங்களில் படம் வந்துவிட்டது. செய்தித்தாள் மை காய்வதற்குள் அதைக் கதைக்குள் கொண்டுவரும் வேகம், கொட்டகையில் அன்றாடம் சபையைப் பார்த்த ஆளுக்கே வரும்.

அந்தப் படத்தில், பாட்டும் பேச்சுமாகக் கதை சொல்லும் ‘கிந்தனார்’ காலட்சேபம் இருக்கிறது. படத்தை முழுக்கப் பார்க்க நேரமில்லை என்பவர்கள் அதை மட்டுமாவது பாருங்கள். (ஆம், நானே கழற்றித் தருகிறேன்.) கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரம் அந்தக் காலத்தில் எல்லோருக்கும் மனப்பாடம். கே.பி. சுந்தராம்பாள் நந்தனாராக நடித்தாகிவிட்டது, 1942-இல் தண்டபாணி தேசிகரும் நடித்தாகிவிட்டது. சபைக்கு ஒவ்வொரு திருப்பமும் தெரியும். அந்தத் தெரிந்த பாதையிலேயே என்.எஸ்.கே. காலட்சேபம் செய்யும் பாகவதர் கோலத்தில் வந்து நிற்கிறார். நந்தன் சிதம்பரம் போக ஏங்கினான். கிந்தன் பள்ளிக்கூடம் போக ஏங்குகிறான். நந்தன் தீயில் இறங்கினான். கிந்தன் ரயிலில் ஏறினான். பட்டணம் போய்ப் படித்து, கல்வி அதிகாரியாக ஊர் திரும்புகிறான்.

எழுதியவர் உடுமலை நாராயண கவி. அவருடைய கெட்டிக்காரத்தனமும் என்.எஸ்.கே.யின் கெட்டிக்காரத்தனமும் எங்கே பிரிகின்றன என்று என்னால் சொல்ல முடியவில்லை. நான் வியப்பது ஒன்றைத்தான். அதில் காலட்சேபத்தைக் கேலி செய்யவே இல்லை. ராகம் ஒழுங்காக இருக்கிறது, தாளம் ஒழுங்காக இருக்கிறது, பாகவதருக்குரிய கனிவு இருக்கிறது. கேலி செய்திருந்தால் சபையில் பாதிப்பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பார்கள். பக்தியோடு கேட்டுப் பழகிய காதுகளைப் பக்தியோடேயே உட்காரவைத்து, வேறொரு தெய்வத்தைக் காட்டிவிட்டார்கள். வில்லுப்பாட்டையும் அவர் இப்படித்தான் கையாண்டார். சுடலைமாடன் கதைக்கு அடித்த அதே வில்லில் காந்தி கதையைச் சொன்னார். அதை எழுதிக் கொடுத்த இளைஞர் சுப்பு ஆறுமுகம், பிறகு வாழ்நாள் முழுக்க வில்லுப்பாட்டுக்காகவே வாழ்ந்தார்.

இயக்குநர் என்.எஸ்.கே.யிடம் எனக்கு இந்த அளவு மயக்கம் இல்லை. ‘மணமகள்’ (1951) அவருடைய சொந்தப் படம், இயக்கமும் அவரே. வசனம் மு. கருணாநிதி. நடனக்காரியாக அறியப்பட்ட பத்மினியைத் தமிழில் கதாநாயகி ஆக்கிய படம். சி.ஆர். சுப்பராமன் இசையில் எம்.எல். வசந்தகுமாரி பாடிய பாரதி பாட்டு இன்றும் கல்யாண வீடுகளில் ஒலிக்கிறது. ஆனால் கேமரா நாடகக் கொட்டகையின் முதல் வரிசையில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்ததுபோல் அசைய மறுக்கிறது. அவர் நம்பியது வாயையும் காதையும்தான்.

அடுத்த ஆண்டு ‘பணம்’. தயாரித்தவர் ஏ.எல். சீனிவாசன், வசனம் மறுபடியும் கருணாநிதி, நாயகன் சிவாஜி கணேசன். ‘பராசக்தி’க்குப் பிறகு அவருக்கு இரண்டாவது படம். விஸ்வநாதன், ராமமூர்த்தி இருவர் பெயரும் இணைந்து வந்த முதல் படமும் இதுதான். படம் இழுவை என்றுதான் சொல்வேன். இரண்டு பாட்டுகள் அதைக் காப்பாற்றுகின்றன. ஒன்றில் பணம் எங்கே போய் ஒளிந்துகொண்டது என்று என்.எஸ்.கே. தேடிக்கொண்டு போகிறார். கையில் வந்த பணம் ஒருநாளும் தங்காத மனிதர் அதைப் பாடுவதைப் பார்க்கும்போது நடிப்பு எது, கணக்குப் பார்ப்பது எது என்று குழம்பும். இன்னொன்றில் தீனா மூனா கானா என்று மூன்று எழுத்துகளைச் சொல்லி இழுப்பார். தி.மு.க. தொடங்கி மூன்று ஆண்டுகள்தான் ஆகியிருந்தன, கொட்டகை அதிர்ந்திருக்கும். தணிக்கைக்குச் சொல்ல அவரிடம் பதில் தயார். அது திருக்குறள் முன்னணிக் கழகம். சிரிப்பில் சட்டத்தை மீறுகிறவர்கள் உண்டு. இவர் சட்டத்துக்குக் கீழ்ப்படிந்துகொண்டே அதைச் சிரிக்கவைத்தார்.

1957 தேர்தலில் காஞ்சிபுரத்தில் அண்ணாவுக்காக அவர் பேசியதாக ஒரு கதை ஊரெல்லாம் உலவுகிறது. எதிர்த்து நின்றவர் ஒரு டாக்டர். கூட்டம் முழுக்க அந்த டாக்டரின் கைராசியையே புகழ்ந்துவிட்டு, இப்படிப்பட்டவரைச் சட்டசபைக்கு அனுப்பிவிட்டால் உங்கள் காய்ச்சலை யார் பார்ப்பது, அதனால் அண்ணாவை அனுப்புங்கள் என்று முடித்தாராம். நடந்ததோ, பிறகு மெருகேறியதோ, கட்டமைப்பு அச்சு அசல் அவருடையது. எதிராளிக்கு ஆமாம் போட்டே அவரைச் சாய்ப்பது.

எங்கள் வீட்டில் என்.எஸ்.கே. புகுந்தது அண்ணா வழியாகவோ உடுமலை வழியாகவோ அல்ல. சம்பளக் கவர் வழியாக. ‘முதல் தேதி’ (1955) படத்தில் அவர் பாடும் பாட்டு ஒன்று உண்டு. ஒன்றாம் தேதியிலிருந்து இருபது வரை கொண்டாட்டம், அதன் பிறகு திண்டாட்டம் என்று போகும். மாதச் சம்பளக்காரனின் தேசிய கீதம். அப்பா அதை ஒன்றாம் தேதி பாடமாட்டார். இருபத்துமூன்று, இருபத்துநான்கு வாக்கில், குளியலறையில், மெதுவாகத் தொடங்குவார். அந்தச் சத்தம் கேட்டால் அம்மா எங்களிடம், இந்த வாரம் யாரும் எதுவும் கேட்கக்கூடாது என்று கண்ணைக் காட்டுவார். சிரிப்பு எங்கள் வீட்டில் நிதிநிலை அறிக்கையாக வேலை செய்தது.

‘ராஜா ராணி’யில் (1956) சிரிப்பைப் பற்றியே ஒரு பாட்டு. எத்தனை வகைச் சிரிப்பு உண்டோ அத்தனையையும் சிரித்துக் காட்டுகிறார். ஆணவச் சிரிப்பு, அசட்டுச் சிரிப்பு, சங்கீதக்காரர் சிரிப்பு. சிறுவயதில் அதைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறேன். இப்போது பார்த்தால் என் கண் அவருடைய கன்னத்தில் போய் நிற்கிறது. ஆள் இளைத்திருக்கிறார். அடுத்த ஆண்டு ‘சக்கரவர்த்தி திருமகள்’ படத்தில் எம்.ஜி.ஆரோடு கேள்வி பதில் போட்டிப் பாட்டு. மறுபடியும் வில்லுப்பாட்டுப் பாணி, ஒருவர் கேட்க ஒருவர் சொல்ல. அதே 1957-இல் ஆகஸ்ட் 30 அன்று சென்னையில் இறந்தார். 49 வயதுகூட நிறையவில்லை.

அவர் உடைக்கப் பார்த்த அந்த முறை உடையவில்லை. நகைச்சுவைக்குத் தனி எழுத்தாளர், தனிக் குழு, தனிப் படப்பிடிப்பு என்று 1980-களிலும் 90-களிலும் தழைத்து நின்றது. கவுண்டமணி–செந்தில் காட்சிகளை எழுதிய ஏ. வீரப்பன் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? பிறகு அந்தத் துண்டுகளை மட்டுமே நாள் முழுக்க ஒளிபரப்பும் சேனல்களும் வந்தன. என் பஸ் நிலையத்து சிடி தொலைக்காட்சியாக வளர்ந்துவிட்டது. நாகர்கோவில் மணிமேடைச் சந்திப்பில் நிற்கும் கலைவாணர் சிலையைக் கடக்கும்போதெல்லாம், இதைப் பார்த்து அவர் பெருமைப்படுவாரா, தலையில் அடித்துக்கொள்வாரா என்று யோசிப்பேன். பஸ் பிடிக்கிற அவசரத்தில் முடிவு காணாமலே போய்விடுகிறது.

ஒரு தற்செயல் மட்டும் என்னை விடாமல் தொடர்கிறது. பாகவதர் நடித்த ‘அம்பிகாபதி’ 1937-இல் வந்தது, என்.எஸ்.கே. அதில் உண்டு. இருபது ஆண்டுகள் கழித்து சிவாஜி நடிக்க அதே கதை மறுபடி படமானது; அதிலும் என்.எஸ்.கே. உண்டு. நாயகன் மாறிவிட்டார், இசை மாறிவிட்டது, நாடே மாறிவிட்டது. இரண்டாவது ‘அம்பிகாபதி’ 1957 அக்டோபரில் தியேட்டருக்கு வந்தபோது அவர் இறந்து இரண்டு மாதம் ஆகப்போகிறது. கம்பரின் மகன் கதையில் சிரிப்பு எங்கே வரும் என்று அந்த இருபது ஆண்டுகளில் அவர் மறுபடி யோசித்திருப்பாரா, பழைய சந்திலேயே புதுக் கடை போட்டிருப்பாரா என்று இரண்டு படங்களையும் அருகருகே வைத்துப் பார்க்க ஆசை.

சென்ற மாதம் ஊருக்குப் போயிருந்தபோது அப்பாவிடம் போனில் ‘அசோக் குமார்’ காட்சிகளைக் காட்டினேன். அன்று வெட்டுப்பட்டவை, யாரோ இணையத்தில் தனியாக ஏற்றியிருந்தார்கள். அப்பாவுக்கு இப்போது எண்பத்தொன்று. போனைக் காதோரம் வைத்துக்கொண்டு, பிறகு கண்ணருகே கொண்டுவந்து, மறுபடி காதோரம் கொண்டுபோய், மதுரத்தின் குரல் வரும் இடத்தில் மட்டும் தலையை ஆட்டினார். முடிந்ததும் போனை என்னிடம் தராமல் கையிலேயே வைத்திருந்தார்.

“இது படத்தில் எந்த இடத்தில் வரும்?” என்று கேட்டேன்.

நெற்றியைச் சுருக்கினார். குணாளன் கண் போவதற்கு முன்பா, பின்பா? இரண்டு மூன்று முறை உதட்டுக்குள்ளேயே கதையை ஓட்டிப் பார்த்தார். பிடிபடவில்லை. கடைக்காரரோடு சண்டை போட்ட மனிதருக்கு, காணாமல் போனது எங்கிருந்து போனது என்பது மறந்துபோயிருந்தது.

“முழுப் படத்தையும் போடு மக்களே, வரும்போது சொல்கிறேன்” என்று நாற்காலியை டிவி பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.